உறக்கத்தில் சொன்னது

— பெட்டியை வாசல்ல வெச்சிட்டுப் போ ரெத்தினதாசு. எங்க அம்மை காணண்டாம்.

— போவேன். நாகர்கோயில்ல இருந்து பாறசாலைக்கு ரெண்டு பஸ் மாறி வந்தது உனக்க பெட்டியைச் சுமக்க இல்லே, கனகதாசு. ஹாஸ்டல் பயலுவ எல்லாரும் எழுதி ஒப்பு வெச்சாச்சு. இனி நீ அந்த ரூமுக்கு வரப்பிடாது.

— என்னண்ணு எழுதியிருக்கு?

— நீ போலீசுக்க ஆளுண்ணு.

— நீயும் ஒப்பு வெச்சியா?

— முதல் ஒப்பு எனக்கதாக்கும்.

— செரி.

— செரியா? எலே, மூணு வருசம் ஒரே ரூம்ல கெடந்தோம். கோவமாவது வரண்டாமா உனக்கு?

— கோவப்படதுக்கும் தெம்பு வேணும். நேரா ஒறங்கி பதினெட்டு நாளாச்சு மக்கா.

— நடிக்காதலே. ஒறங்கினதுனாலத்தான் நீ மாட்டினே. பகல் முழுக்க எங்க கூட நிண்ணு, மலையாளத்தான் ஆட்சி வேண்டாம், நம்ம ஊரைத் தமிழ்நாட்டோட சேக்கணும்ணு கோசம். ராத்திரி கெடந்து மலையாளத்துல புலம்பல்.

— எங்க ஊர்ல எல்லாருக்கும் ரெண்டும் நாக்குல உண்டு. உனக்கும் உண்டு.

— எனக்கு வாற மலையாளம் கடைக்காரன்கிட்ட. நீ பேசினது ஆருகிட்ட? “ஏமானே, ஞான் பறயாம், ஞான் பறயாம்.” பன்னெண்டு பேரு கேட்டிருக்கோம். போலீசுகாரனைத்தானே ஏமானேண்ணு விளிக்கது? நான் சொல்லுதேன், நான் சொல்லுதேன்ணு அவனுக்கு என்னத்தைலே சொன்னே?

— அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசலியே?

— அதுக்குள்ள எழும்பி உக்காந்திருவே.

— பெருவிரல்ல கயிறு போட்டு சன்னல் கம்பியில கெட்டியிருந்தேன். பொரண்டா இழுக்கும்.

— மடியில கனம் இல்லாதவனுக்கு என்னத்துக்குக் கயிறு?

— இஞ்ச வீட்டுக்கு வந்த பொறவு அம்மை நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டர் ஒறக்க மாத்திரை தந்தாரு. எல்லாத்தையும் வாழை மூட்டுல புதைச்சேன்.

— உனக்குப் பைத்தியமாக்கும்.

— எனக்கும் அந்தப் பயம் உண்டு. புத்தகத்தைத் தொறந்தா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நடக்குது. பரீட்சைக்கு இனி ஒரு மாசம்தான்.

— உனக்குப் பரீட்சை. செல்லையனுக்கு? கல்லெறிஞ்சாண்ணு புடிச்சிட்டுப் போனாவ. கால் ஒடிஞ்சு ஜெயில்ல கெடக்கான். அந்த ஊர்வலத்துல அவன் கல்லைக் கையால தொடல்லே.

— தெரியும். உனக்கும் தெரியும்.

— அப்போ அவனுக்க பேரெப் போலீசுக்குச் சொன்னது ஆரு?

— வேண்டாம். பஸ்சுக்கு நேரமாச்சு, போ.

— சொல்லுலே. கேட்டுட்டுத்தான் போவேன்.

— அண்ணு தடியடியில நீ அடிபட்டு ஓடையில போதம் கெட்டுக் கெடந்தே. ஏட்டு உனக்க நெஞ்சுல பூட்சை வெச்சு மிதிச்சிட்டு நிண்ணான். துப்பாக்கி உனக்க நெத்தியில. “இவனல்லேடா கல்லெறிஞ்ஞது?” ண்ணு என்கிட்ட கேட்டான், எறிஞ்சது நீதானேண்ணு.

— என்னையா?

— காலை எடுங்க ஏமானே, ஞான் பறயாம்ணேன். வாயில வந்தது செல்லையனுக்க பேரு. அவன் அதுக்குள்ள ஓடியிருப்பாண்ணு நெனச்சேன்.

— கனகதாசு...

— தெனமும் கனவுல அந்த ஏட்டு நம்பாம திரும்பக் கேக்கான், நெசத்துக்கு எறிஞ்சது ஆருண்ணு. உனக்க பேரு நாக்கு நுனிக்கு வரும்போ கயிறு இழுக்கும், முழிச்சிருவேன்.