சூரமங்கலம் பாலே சங்கத்தில் ஒரு மாப்பிள்ளை விசாரிப்பு

— இல்லீங்க, நான் கேக்கறேன், இந்தக் காலத்து ஆளுங்களுக்கு வாய் எதுக்குங்க இருக்குது? டவுன் பஸ்ஸ உட்டு ஜங்சன்ல எறங்குனதுல இருந்து நாலு பேர்த்துக்கிட்ட வழி கேட்டேன். ஒருத்தன் போன்ல இருந்து தலையவே தூக்கல. ஒருத்தன் காதுல என்னமோ செருகிட்டு என்னயப் பாத்துச் சிரிக்கறான். ஒரு புள்ள, மேப்புல போட்டுப் பாருங்க தாத்தாங்குது. மேப்பு! அட கெரகமே. எதுக்கால நிக்கற மனுசனுக்குக் கைய நீட்டிக் காட்டறதுக்குக்கூட சலிப்பு வந்துருச்சு.

— ஐயா, மொதல்ல உக்காருங்க. மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது பாருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது கால் ஒடைஞ்சது. இதுல உக்காருங்க. நான் மாதேஸ்வரன். ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தச் சங்கத்துச் செயலாளர். நீங்க?

— வெள்ளியங்கிரிங்க. எருமப்பட்டிப் பக்கம். கோழிப்பண்ணை வெச்சிருக்கறனுங்க.

— ரொம்ப சந்தோசம். சங்கத்துல சேர வந்தீங்களா?

— அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.

— பாலே பாத்திருக்கீங்களா?

— பாக்கறதுக்குத்தான வந்தேன்.

— அதாவது, வெளிநாட்டு ஆட்டம் ஐயா. கால் விரல் நுனியில நின்னு ஆடறது. நமக்கு ஆடத் தெரியாது, ரசிக்கறதோட சரி. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு இந்த ஹால்ல திரை கட்டிப் படம் போடுவோம். மாசத்துல ஒரு நாள் யாராவது பேசுவாங்க. இன்னும் நேரம் இருக்கு, அதுக்குள்ள சேதியெல்லாம் சொல்லிடறேன். திரை புதுசு மாத்தியாச்சு. இத்தனை நாளும் என் வீட்டுப் போர்வை. நம்ம ராமாத்தாள் டீச்சருக்குக் கண் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. அவங்க வர்ற வரைக்கும் மொத வரிசை ஓரத்துச் சேர்ல யாரும் உக்காரக் கூடாது. அப்புறம், கரண்ட் போனா படம் பாதில நிக்குதுன்னு எல்லாரும் என்கூடச் சண்டை போட்டீங்க இல்ல...

— நான் போடலீங்க.

— பழக்கத்துல சொல்றேன் பாருங்க. அதுக்குப் பேட்டரி வாங்கியாச்சு, ஒயர் வாங்க ஆள் போயிருக்கு. அடுத்த மாசம் எலும்பு டாக்டர் ஒருத்தர் வந்து கால் கட்டை விரலைப் பத்திப் பேசறார்.

— கட்டை வெரலப் பத்தியா? அதுல பேச என்ன இருக்குது?

— உடம்பு பாரம் மொத்தமும் அதுமேலதான். இந்தப் படத்தைப் பாருங்க.

— அட சாமி! இதென்ன, காலுங்களா? நகத்தக் காணோம்?

— ஆடறவங்க காலு. ஷூவுக்கு உள்ள இப்படித்தான் இருக்கும். வெளிய பாத்தா பட்டு மாதிரி இருக்கும்.

— பொம்பளப் புள்ள காலுங்களா இது! இதப் பாத்துட்டா கை தட்டறீங்க?

— இதைப் பாத்து இல்ல ஐயா, ஆட்டத்தைப் பாத்து.

— என்ற பண்ணையில ஒரு கோழிக்குக் கால்ல புண்ணு வந்தா டாக்டருக்குப் போனப் போட்டுட்டு வாசல்லயே நிப்பேன். நீங்க படிச்சவிங்க, சேரப் போட்டு உக்காந்து ரசிக்கறீங்க. எடுங்க அக்கட்ட.

— சரி, அது வேண்டாம். மார்கழில நம்ம பிரபாகர் பேசறார். நல்லாப் பேசுவார். ஆண் நடனக்காரங்களுக்கு என்ன வேலைன்னு. தூக்கறதைப் பத்தி.

— எந்தப் பிரபாகரு? இங்க ரயில்வே ஆபீசுல, திருச்செங்கோட்டுப் பையனா?

— அவரேதான். தெரியுமா உங்களுக்கு?

— தெரியாதுங்க. சும்மா கேட்டேன். தூக்கறதுன்னா எதத் தூக்கறது?

— பொண்ணை.

— ஆரு பொண்ண?

— கூட ஆடற பொண்ணைத்தான். இடுப்புல ரெண்டு கையையும் குடுத்து, அப்படியே தலைக்கு மேல...

— நாலு பேரு பாக்கவா?

— நாலாயிரம் பேர் பாப்பாங்க ஐயா.

— இந்தப் படத்துல நிக்கறவன் இடுப்புக்குக் கீழ ஏதாச்சும் போட்டிருக்கறானா இல்லியா?

— போட்டிருக்கார். ஒட்டுன மாதிரி இருக்கறதுனால தெரியல.

— தண்ணி இருந்தாக் குடுங்க. நெஞ்ச அடைக்குது.

— இந்தாங்க. மெதுவா. பிரபாகர் தூக்க மாட்டார் ஐயா, தூக்கறதைப் பத்திப் பேசத்தான் போறார்.

— பேசறானே, அது போதாதா!

— ஐயா, பொண்ணுக்கு என்ன வயசு?

— எந்தப் பொண்ணுக்கு?

— பிரபாகருக்குக் குடுக்கறதுக்கு நீங்க வெச்சிருக்கிற பொண்ணுக்கு.

— அதெப்படி உங்களுக்கு...

— போன பங்குனில ராசிபுரத்துல இருந்து ஒருத்தர் வந்தார். பாலேன்னா உயிருன்னார். அப்புறம் குமாரபாளையத்துல இருந்து புருசனும் பொண்டாட்டியுமா வந்தாங்க. எல்லாரும் பையனை விசாரிக்க வந்தவங்கதான் பாருங்க. நேரா கேக்க வெக்கம். சங்கத்துல சேரணும்பாங்க. நான் என்ன பண்ணுவேன், படத்தைப் போட்டுக் காட்டுவேன். ராசிபுரத்துக்காரர் பொண்ணை வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டார், ஆனா வாராவாரம் வர்றதை விடல. எங்க சங்கத்துல மூணுல ஒருத்தர் பிரபாகர் புண்ணியத்துல வந்தவங்க.

— அட கெரகமே. அப்ப நேராவே கேட்டர்றேன். பேத்திக்குத்தானுங்க. அப்பன் இல்லாத புள்ள, அப்பாரு அப்பாருன்னு என்னயவே சுத்தி வரும், கைக்கொழந்தையில இருந்து நான் வளத்தது. பையன் குடிப்பானா?

— டீயே சக்கரை இல்லாமத்தான் குடிப்பார்.

— பொம்பள சகவாசம்?

— திரைல பாக்கறதோட சரி.

— அதத்தானுங்க நான் கேக்கறேன்! சரி உடுங்க. ஆத்தாளுக்கு அடங்குன பையனா?

— அம்மா கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டார். தங்கமான பையன். ஒரே ஒரு குறைதான். படம் ஓடறப்ப வாய் நிக்காது. இப்பப் பாருங்க குதிப்பா, இப்பப் பாருங்க சுத்துவான்னு பக்கத்துல உக்காந்தவங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பார்.

— ப்பூ! இதொரு கொறையா? கல்யாணமானா எந்த ஆம்பளைக்கும் வாய் தானா நின்னுரும்.

— அதுவும் சரிதான்.

— நல்ல பையன்ங்கறீங்க. உங்க வாயால சொன்னீங்க, நெம்ப சந்தோசம். இந்தக் குதிக்கற கருமத்த என்ற பேத்தி நிறுத்திப் போடுவா. பி.காம். படிச்ச புள்ளைங்க. வெவரமானவ. இந்த மாதிரி அசிங்கமெல்லாம் கண்ணுல பாத்தவளே இல்ல. ஞாயித்துக்கெழமை ஆனா நாமக்கல்லுல கம்ப்யூட்டர் கிளாசு, அது முடிஞ்சா ஊடு.

— கொடுத்து வெச்சவர் பிரபாகர். பேரு என்னங்க?

— சண்முகப்பிரியாங்க.

— எருமப்பட்டி சண்முகப்பிரியாவா?

— ஏனுங்க, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— ஐயா, அந்தத் தண்ணிய மிச்சம் வெக்காமக் குடிச்சிருங்க.

— எனக்கு இப்பத் தண்ணி வேண்டாமுங்க. என்னன்னு சொல்லுங்க.

— தை மாசம் பேசப் போறது யாருன்னு நான் இன்னும் உங்ககிட்டச் சொல்லல பாருங்க.

— மாதேஸ்வரன் சார், ஒயர் கெடைச்சிருச்சுங்க, எலக்ட்ரிக் கடைக்காரரு நல்லதாப் பாத்துத்தான்... அப்பாரு!

— வா கண்ணு. கம்ப்யூட்டர் கிளாசு இங்கயா நடக்குது?

— அப்பாரு, நீங்க எப்ப வந்தீங்க?

— அதை உடு. நீ எத்தன நாளா வாரே?

— ஆடி மாசத்துல இருந்துங்க.

— ஆடியா! இப்ப ஐப்பசி. மூணு மாசமா ஒரு தாக்கல் தகவல் எனக்கு வரலியே. இந்தப் பையனப் பாக்கத்தான வாரே? அவன் எங்க? உள்ள ஒளிஞ்சிருக்கறானா?

— ஐயா, பிரபாகருக்கு இன்னிக்கு டூட்டி. வர மாட்டார்.

— நான் எம் பேத்தியக் கேக்கறனுங்க.

— மொதத் தடவ அவரப் பாக்கத்தானுங்க வந்தேன். தரகர் போட்டோவக் குடுத்துட்டுப் போனப்ப, விசாரிச்சுப் போட்டுச் சொல்றேன்னு நீங்க சொன்னீங்க. கட்டிக்கப் போறது நானுங்களே. அதான் நானே போயி விசாரிச்சுக்கலாம்னு வந்தேன்.

— பொண்ணே போயி மாப்பிள்ளைய விசாரிச்சுட்டு வந்தாளாமா! வெளிய தெரிஞ்சா ஒறம்பற, சொந்தபந்தம் பூரா காறித் துப்புவாங்க. ஒட்டுக் கேட்டுட்டு வந்தியா?

— இல்லீங்க. நான்தான் அந்தப் பொண்ணுன்னு அவருகிட்டயே சொன்னேன்.

— ஆமாங்க ஐயா. இத்தனை பேர் விசாரிக்க வந்தாங்க, உண்மையைச் சொல்லி உள்ள வந்தது இவங்க ஒருத்தர்தான்.

— நீங்க செத்த பேசாம பொட்டாட்ட இருங்க சாமி. சரி, பாத்துட்டே. புடிச்சுதா?

— இல்லீங்க அப்பாரு.

— இல்லியா!

— நல்லவருதானுங்க. ஆனா ஒரு படம் முழுசா அவரு பக்கத்துல உக்காந்து பாத்தேன். நான் பாக்கறதுக்கு முந்தியே அவரு பாத்துச் சொல்லிப் போடறாரு. ஒண்ணு கூட என்ற கண்ணுக்குன்னு மிச்சம் வெக்கல. காலம் பூரா இப்படியே இருக்குமேன்னு பயமாப் போச்சுங்க. வேண்டாமுங்கன்னு அவருகிட்டயே சொல்லிட்டேன். அவரும் சரின்னாரு. அவங்க ஊட்டுல அவரே சொல்லிக்கறேன்னாரு.

— எப்ப?

— ஆவணியில.

— ஆவணியிலயா? ஆவணியிலயே வேண்டாம்னு ஆயிப்போச்சா?

— ஆமாங்க. நீங்க பேச்செடுத்தா சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க அப்பறம் ஒண்ணுமே கேக்கலீங்களே.

— அப்பறம் எதுக்குடி வாரே? அவன் வேண்டாம்னா அங்கயே நின்னுருக்கோணுமில்ல? ரெண்டு பஸ் மாறி எதுக்கு வாரே?

— பாக்கறதுக்குங்க.

— எத?

— முன்னால ஒருத்தி ஆடறப்ப, பின்னால இருவது பொண்ணுங்க அசையாம நிப்பாங்க அப்பாரு. கைய ஒரே மாதிரி மடிச்சுக்கிட்டு, தலையச் சாச்சுக்கிட்டு. ஆரும் அவங்களப் பாக்க மாட்டாங்க. ஆடறவளவிட நிக்கறவளுக்குத்தான் கால் எச்சா நடுங்குமாமா. மூஞ்சில அது தெரியக் கூடாது. தையில அவங்களப் பத்தித்தான் பேசப் போறனுங்க.

— நிக்கறதப் பத்திப் பேச்சா? பண்ணையில ஐயாயிரம் கோழி நிக்குது, வந்து பேசு.

— சிரிக்காதீங்க சார்.

— இல்லம்மா, மன்னிச்சுக்க. ஐயா சொன்ன தோரணை அப்படி.

— அப்பாரு, நெசத்தச் சொல்றேன். ஊட்டுல, பண்ணையில, கோயிலுக்குப் போனா, எழவுக்குப் போனா, எங்க போனாலும் எனக்கு எப்பக் கல்யாணம்ங்கறதுதான் பேச்சு. இங்க வெளக்க அணைச்சுட்டா ஆரும் என்னயப் பாக்கறதில்ல. நான்தான் பாக்கறேன். அதுக்குத்தானுங்க வாரேன்.

— நம்ப மாட்டேன்.

— நீங்களும் ஒரு தடவ உக்காந்து பாருங்க.

— நாலு பேரு இருட்டுல குதிக்கறதப் பாக்கறதுக்கு ஒருத்தி எருமப்பட்டில இருந்து கெளம்பி வருவாளாமா! வேற எவனோ இருக்கறான். பேரச் சொல்லு.

— ஆரும் இல்லீங்க அப்பாரு. உங்க மேல சத்தியமா.

— ஐயா, நான் பாத்தவரைக்கும் அப்படி ஒண்ணும் கிடையாது. அவங்க ரெண்டு பேரும் கௌரவமாப் பேசி முடிச்சுக்கிட்டாங்க. இனிமே நீங்க விசாரிக்கறதுக்கே வேலை இல்ல பாருங்க. இருந்து படம் பாத்துட்டுப் போங்க. கடைசி பஸ்ஸுக்கு நானே கொண்டுவந்து விடறேன்.

— படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வழிய உடுங்க.

— அப்பாரு, மெதுவா. அந்தப் படி செங்குத்தா இருக்கும். கையப் புடிச்சுக்கங்க.

— வேண்டாம். உடு.

— கோவத்துலயே போகாதீங்க. நான் சொல்லாம வந்தது தப்புத்தான். இனிமே உங்ககிட்டச் சொல்லிட்டே வாரேன். தரகர் வந்தா, பொண்ணுக்கு இஷ்டமில்லையாமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும். விசாரிக்கத்தான வந்தீங்க? விசாரிச்சாச்சு. பொருந்தலைன்னா வேண்டாம்ங்கறதுக்குத்தானுங்களே விசாரிக்கறது?

— வேண்டாம்ங்கறதுக்கா நான் வந்தேன்? நல்ல பையன்னு ஆரு வாயாலயாச்சும் ஒருக்காக் கேட்டா மனசு ஆறும்னு வந்தேன் சாமி. அந்தப் பையன் ஊட்டுல வாயே தொறக்கல போல, நல்ல நாளு, தள்ளக் கூடாதுன்னாங்க அவிங்க. வெள்ளிக்கெழமையே பையனோட அப்பனும் நானும் எருமப்பட்டிக் கடையில உப்பும் சக்கரையும் வாங்கி மாத்தி, கல்யாணத்த உறுதி பண்ணிட்டோம்.