வியாழக்கிழமை நாற்காலி

தேநீர் ஆறிவிட்டது. வேறு போட்டுத் தரட்டுமா? வேண்டாமென்றால் விடுங்கள். உங்கள் அம்மாவும் ஆறவிட்டுத்தான் குடிப்பார். நான் மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்து, "யாராவது பிடுங்கிக்கப் போறாங்களா?" என்பார்.

நீங்கள் இந்த அறைக்கு வருவது இது மூன்றாவது முறை. மூன்று முறையும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேறு நாற்காலி இங்கே கிடையாது என்பதும் உண்மைதான். தொலைபேசியில் உங்களிடம் நான் சொன்னது, அம்மாவின் சாமான் சில என்னிடம் இருக்கின்றன, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அது பொய்யில்லை. மேசைமேல் இருக்கும் துணிப்பை அவருடையதுதான். ஆனால் அந்தப் பைக்காக மட்டும் உங்களை விமானம் ஏறி வரச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வரிசையாகச் சொன்னால்தான் நான் செய்ததில் ஒரு நியாயம் இருப்பது தெரியும்.

இந்தக் கட்டடம் முழுக்கப் போரைப் பற்றி ஆராய்கிறவர்கள். கீழ்த்தளத்தில் எல்லைத் தகராறுகள், அதற்கு மேலே ஆயுத ஒப்பந்தங்கள். என் பக்கத்து அறைக்காரருக்கு ஏவுகணை. அவரை நாங்கள் ஏவுகணைக்காரர் என்றே கூப்பிடுவோம். மாநாடு, வெளிநாடு, தொலைக்காட்சி என்று ஓடிக்கொண்டே இருப்பார். என் துறைக்கு அந்த மவுசு இல்லை. போரில் காணாமல் போனவர்களின் குடும்பத்தார் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. சண்டை ஓய்ந்து, கையெழுத்தாகி, தூதரகங்கள் திறந்த பிறகும் ஒரு வீட்டில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவைக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் போர் முடியவில்லை என்று எழுதினேன். அப்போது சிலர் பாராட்டினார்கள். இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆரம்பத்தில் இந்த வராந்தா கொள்ளாத கூட்டம் இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கிவிட்டுப் பேசச் சொல்வேன். ஒரு விதி உண்டு. காணாமல் போனவரைப் பற்றித் தகவல் வந்த அன்றே அந்தக் குடும்பம் ஆய்விலிருந்து விலகிவிடும். ஆள் உயிரோடு கிடைத்தாலும் சரி, எலும்பு கிடைத்தாலும் சரி. காத்திருந்து முடித்தவரிடம் காத்திருப்பதைப் பற்றி என்ன கேட்பது? விலகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், கட்டாயம் வந்து பார்க்கிறோம் என்பார்கள். ஒருவரும் வந்ததில்லை. தெருவில் எதிரே வந்தால்கூட மறுபக்கம் போய்விடுவார்கள். என் முகத்தைப் பார்த்தால் அந்த நாட்கள் ஞாபகம் வரும், பாவம். எனக்கு அதில் வருத்தமில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். வருத்தம் உண்டு.

ஒருநாள் ஏவுகணைக்காரர் படிக்கட்டில் நிறுத்தி, "உங்க ஆளுங்க எல்லாரும் கிடைச்சிட்டா நீங்க கடையை இழுத்து மூடிட வேண்டியதுதானேய்யா?" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய், மீந்த சாப்பாட்டைச் சூடாக்கும்போதுதான் சுருக்கென்றது. வீட்டில் நான் மட்டும்தான். என் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "ஆள் இல்லாத வீட்டைப் பத்தி உங்களுக்கு நல்லா எழுத வரும். ஆள் இருக்கிற வீட்டுல எப்படி இருக்கணும்னுதான் தெரியல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

கடைசியில் உங்கள் அம்மா மட்டும் மிஞ்சினார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற வேலை அவருக்கு. வியாழக்கிழமை விடுப்பு. என் திட்டப்படி பருவத்துக்கு ஒருமுறை பேசினால் போதும். வாராவாரம் வரச் சொன்னது நான்தான். முதலில் என்னை ஐயா என்றார். அப்புறம் தம்பி. ஒரு வியாழக்கிழமை எனக்கு ஏதோ கூட்டம், தாமதமாக வந்தேன். வராந்தாவில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். "ஏன்டா, தெருவையே முதுகுல சுமந்துக்கிட்டா வர்ற?" என்றார். சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காத தம்பி, பழக்கதோஷம்" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வேண்டுமென்றே தாமதமாக வந்தேன்.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அந்த வார்த்தை உங்களுக்குத் தெரிந்ததுதானே.

அதைத்தான் கட்டுரையில் போட்டேன். பேசியவர் யாரென்று தெரியக் கூடாது என்பதால் ஊரை மாற்றினேன், வயதை மாற்றினேன், துணி தேய்க்கிறவரைப் பள்ளிக்கூட ஆயா ஆக்கினேன். பேச்சை மாற்றவில்லை. பேச்சில் கைவைத்தால் தரவு கெட்டுவிடும், அதை நான் ஒருநாளும் செய்ததில்லை. அந்தக் கட்டுரை கடல் தாண்டி ஓர் அச்சகத்துக்குப் போகும், அங்கே மெய்ப்புத் திருத்த உட்கார்ந்திருப்பவர் அவர் மகனாக இருப்பார் என்று நான் கனவா கண்டேன்?

முதல் தடவை வந்தபோது அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தீர்கள். "இது எங்கம்மா சார். இப்படித் திட்டுற ஆளு உலகத்துல வேற யாரும் கிடையாது" என்றீர்கள். செத்துப்போன ஒருவனின் அடையாள அட்டையில் எல்லை தாண்டியதைச் சொன்னீர்கள். அதனால்தான் அவர் தேடிய பட்டியல் எதிலும் உங்கள் பெயர் இல்லை. உங்கள் தெரு குண்டுவீச்சில் தரைமட்டமானதைக் கேள்விப்பட்டு அம்மாவும் போய்விட்டார் என்று நினைத்திருந்ததைச் சொன்னீர்கள். பங்கேற்பாளரைப் பற்றி வெளியாரிடம் சொல்ல விதி இடம்தராது, விசாரித்துவைக்கிறேன், அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்றேன். அதில் தப்பில்லை. இந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை, உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். நீங்கள் நம்ப வேண்டும். எப்படித் தொடங்குவது என்று வீட்டில் சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டேன். அதிர்ச்சியில் மயக்கம் போட்டுவிட்டால் என்ன செய்வதென்று தண்ணீர் பிடித்துவைத்தேன். அவர் உள்ளே வந்து உட்காரவில்லை. என் சட்டையைப் பார்த்தார்.

"என்ன இது, பொத்தான் அந்து தொங்குது? கேக்க ஆள் இல்லன்னா இப்படியா திரியுறது?"

அந்தத் துணிப்பையிலிருந்து ஊசிநூல் எடுத்தார். சட்டையைக் கழற்றப்போனேன். "கழட்ட வேணாம், அப்படியே நில்லு. அசைஞ்சேன்னா குத்திடும்" என்றார். தைத்து முடித்து, குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவர் தலை என் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. சோப்பு வாசனையும் தேய்த்த துணியின் சூட்டு வாசனையும் வந்தன. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். "உங்கள் மகன்" என்று தொடங்கியிருந்தால் போதும். அவர் நிமிர்ந்து, "அடுத்த வாரம் அந்தக் காலரையும் பாக்கணும், நைஞ்சு போச்சு" என்றார்.

அடுத்த வாரம் என்று ஒருவர் என்னிடம் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை நீங்கள் வந்தீர்கள். உங்கள் அம்மா குளிர்காலத்தில் நுரையீரல் நோயில் காலமாகிவிட்டார், பொது மயானத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள், கல் வைக்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதீர்கள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். தேநீர் போட்டுத் தந்தேன். அவர் குரலைக் கேட்கிறீர்களா என்று கேட்டு, ஒலிப்பதிவில் கொஞ்சம் போட்டும் காட்டினேன். அப்போது அவர் இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உட்காருங்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி என்ன ஆகப்போகிறது? அவர் இப்போது அங்கே இல்லை. கேளுங்கள்.

மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து என் காலரைத் திருப்பித் தைத்தார். கைக்குட்டை ஒன்று கீழே கிடந்ததை எடுத்து, "யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க பாரு" என்று துவைத்துத் தருவதாகக் கொண்டுபோனார். உங்களுடையது. பையில் மடித்து இருக்கிறது, பாருங்கள்.

அந்தப் புதன்கிழமை போகும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா என்மேல கோவமாவே போயிட்டாங்களா சார்?" என்றீர்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை என்றேன். உண்மையில் அவர் வேறு எதையுமே பேசியதில்லை. நீங்கள் படையில் சேரப்போகிறேன் என்று மல்லுக்கட்டியது, அவர் கதவை மறித்தது, நீங்கள் தள்ளிவிட்டு வாசல் தாண்டியது, "போ, இனிமே என் கண்ணு முன்னாடி நிக்காத" என்று அவர் கத்தியது. நூறு வியாழக்கிழமை என்றாலும் அதுதான். சொல்லிவிட்டு, "ஒரு தாய் சொல்ற வார்த்தையா அது? என் வாயைத் தைக்கணும்" என்பார். இதை உங்களிடம் நான் சொல்லியிருக்க முடியாது. பங்கேற்பாளர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி.

என்னைக் கொடியவன் என்று நினைக்கிறீர்கள். நான் யோசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். அவருக்கு என்ன குறைந்தது? முன்பும் காத்திருந்தார், அப்புறமும் காத்திருந்தார். என்றைக்காவது வருவான் என்ற நம்பிக்கை கடைசிவரை இருந்தது. உங்களுக்கும் என்ன குறைந்தது? நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை அவரைத் தொலைத்துத் தேறியவர்தான். எனக்குத்தான் மாற்று இல்லை. எனக்குத் தனிமை தாங்கவில்லை. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் நானும் ஒரு வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தேன். எனக்குச் சளி பிடித்தால் திட்ட ஆள் இருந்தது.

போன மாதம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்த்தேன். அவர் தேய்த்த விரிப்பில் அவரே படுத்தார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். மகன் என்றேன். என்னைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. செவிலி ஒருத்தி, "இப்படி ராப்பகலா உக்காந்திருக்கிற பிள்ளையை இப்பல்லாம் எங்க பாக்க முடியுது?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முந்தாநாள் காலையில் அவர் கண் திறந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பார்வை எங்கேயோ இருந்தது. நான் குனிந்து, "வந்துட்டேம்மா" என்றேன். அவர் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் என் கையைத் தடவிப் பார்த்தார். விரல்களைத் தடவினார். பிறகு சொன்னார்.

"நீ நல்ல பிள்ளைதான்யா. ஆனா நீ அவன் இல்ல. அவனா இருந்தா நான் முதல்ல திட்டியிருப்பேன்."

மூச்சு விட்டு விட்டு வந்தது. "அவன் வந்தா சொல்லு. கண்ணு முன்னாடி நிக்காதன்னு வாய்தான் சொல்லுச்சு, நான் சொல்லலன்னு சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும், மறந்துடாம சொல்லிடு" என்றார்.

சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உடலைத் தர மகன் என்பதற்குச் சான்று வேண்டும் என்று பிணவறையில் சொன்னதும் உண்மை. என்னிடம் இருந்தது என் அடையாள அட்டை மட்டும்தான். ஆனால் அவர்கள் கேட்காவிட்டாலும் உங்களைக் கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலை போய்க் கையெழுத்துப் போடலாம். நானும் கூட வருகிறேன். அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

பேசுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப இழந்தவர்களைப் பற்றி இதுவரை யாரும் சரியாக எழுதவில்லை. அது ஒருநாளில் பேசித் தீர்கிற விஷயமும் இல்லை. உங்களுக்கும் இந்த ஊரில் இனி வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு நேரம் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி நீங்கள் வந்ததிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த நாற்காலியும் இனிக் காலிதான்.

வியாழக்கிழமை உங்களுக்கு ஒத்துவருமா?