ஆறாவது பேட்ச்

சம்மணம் வரலன்னா விடுங்க, காலை நீட்டிக்கிடுங்க. ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மொத நாள்ல எல்லாரும் இப்படித்தான், போட்டோவுக்கு உக்காந்த மாதிரி வெறச்சுக்கிட்டு இருப்பாங்க.

பையில நம்ம ஊரு ஜவுளிக்கடைப் பேரு பாத்தேன், அதான் பாயத் தூக்கிட்டு பக்கத்துல வந்துட்டேன். நான் இஸ்ரவேல். சொந்த ஊரு நாசரேத்து. சர்க்கார் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருசம் பைலோட மல்லுக்கட்டிட்டு, இப்ப இங்க டெல்லியில, மயூர் விஹார்லயே கெடக்கேன்.

தியானமா? பெரிய வித்தை ஒண்ணுமில்ல. மூக்குல காத்து வரும், போவும். அதக் கவனிச்சு ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எண்ணணும். நடுவுல மனசு எங்கயாவது போயிட்டா திட்டாம கூட்டியாந்து, மறுபடி ஒண்ணு. நான் நாலத் தாண்டினதில்ல. மூணுலயே பரோட்டா வந்துரும்.

அதுவும் டெல்லிக் காத்து! நவம்பர்ல எதுத்த பிளாக்கே தெரியாது. ஆழமா இழுங்கன்னா நெஞ்சுக்குள்ள லாரி ரிவர்ஸ் எடுக்குது. எங்க சர்ச்சு பாஸ்டர் வேற, இதெல்லாம் நமக்கு ஆகுமான்னு கேக்காரு. மூச்சுல ஏதுய்யா சி.எஸ்.ஐ., ஆர்.சி.ன்னுட்டேன்.

எத்தன நாளாவா? இது எனக்கு ஆறாவது பேட்ச். சிரிக்காதீங்க. ஆமா, புதுசா வாரவங்களுக்கான கிளாஸ்தான், நாலு வாரத்துல முடிஞ்சிரும். அடுத்த கிளாஸ எடுக்கது வேற ஆளு, தாடி வச்ச ஒரு ஹிந்திக்காரப் பையன். எனக்கு இன்னும் மூச்சு பிடிபடலன்னு சொல்லி, திரும்ப இதுலயே பேரு குடுத்துருவேன்.

அந்தா, மஞ்சத் துப்பட்டா போட்டு வாராங்கல்லா, அவங்கதான் டீச்சர். பேரு அன்னா. நல்லாச் சொல்லிக்குடுப்பாங்க, கோவமே வராது.

என் மவதான்.

கூடப் படிச்ச பஞ்சாபிப் பையனக் கட்டிக்கிட்டா. கல்யாணத்தன்னைக்குக் காலையில வீட்டுக்கே வந்து கூப்பிட்டா. நான் திரும்பிக்கூடப் பாக்காம டிவியில கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தேன். நாலு வருசமாச்சு. வீட்டுப் பக்கம் வரதில்ல, போன் போட்டா எடுக்கதில்ல. இங்கன்னா டீச்சரு, பேசித்தான ஆகணும்? எல்லாருக்கும் சொல்லுத மாதிரி எனக்கும் ஹிந்தியில சொல்லுவா.

போன வாரம், போன பேட்ச்சோட கடைசி கிளாஸ்ல, பின்னால வந்து நின்னு, ரெண்டு தோள்லயும் கைய வச்சு, தோள எறக்குங்கன்னா. அப்பான்னு சொல்லல. ஆனா தமிழ்ல சொன்னா.

நான் எறக்கல. கை இன்னுங் கொஞ்ச நேரம் அங்கனயே இருக்கட்டும்னு.