திரையில காட்டாதது

சாவி நாலு எதுக்கு அண்ணே, ரெண்டு போதும். நானும் என் பொண்ணு ஐவியும்தான். அவ உள்ள டி.வி. பாக்குறா. அந்தப் பெட்டிய ஓரமாத் தள்ளிக்குங்க, நேத்துதான் குடி வந்தோம். சிப்பிக்கறி வெச்சுச் சுட்ட பை பலகாரம் சூடா இருக்கு, டீயும் இருக்கு, சாப்டுட்டே பண்ணுங்க. உங்க ஊர் ஸ்கேலப் பைய மெல்போர்ன்ல ஒருத்தனுக்கும் பண்ணத் தெரியாது.

இல்லல்ல, பழைய பூட்டு நல்லாத்தான் இருக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் மொத வேலையா நான் பூட்ட மாத்திருவேன். அடுப்பப் பத்த வெக்கிறதெல்லாம் அப்புறம். அம்மாவுக்குப் பூட்டுப் பைத்தியம்னு ஐவி சிரிப்பா.

புருஷனா? இருந்தான். ராஸ்னு பேரு. கெட்டிக்காரன், அதச் சொல்லியே ஆகணும். கம்பெனிக்காரங்களோட போன் ஆப்புங்கள எல்லாம் சோதிச்சுக் குடுக்குற வேலை. உங்க கடை ஆப்பையே எடுத்துக்குங்களேன். போன்ல திறந்தா ஒரு மேப், உங்க பேரு, உங்க போட்டோ, அவ்ளோதானே தெரியுது? அதக் காட்டுறதுக்கு அது பின்னால என்னென்ன கேட்டு வாங்குதுன்னு பாத்தா தலை சுத்திரும். எழுதுறவனுக்குச் சோம்பேறித்தனம், எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் கேட்டு வெச்சிருப்பான். கடைல ஒரு காபி கேட்டா அடுப்படியையே தூக்கிட்டு வந்து வெக்கிற மாதிரி. திரையில தெரியாது, ஆனா போனுக்கு வந்து சேந்துரும். பாக்கத் தெரிஞ்சவன் பாத்துக்கலாம். ராஸ் அதுக்குன்னே ஒரு புரோகிராம் எழுதினான். கேட்டது என்ன, காட்டினது என்னன்னு ஒத்துப் பாத்து, மிச்சத்தையெல்லாம் செவப்புல காட்டும். பெரிய பெரிய ஆளுங்க வந்து கையக் குலுக்கிட்டுப் போவாங்க.

வீட்லயும் அதே புத்திதான். நான் சொல்றதக் காதுலயே வாங்க மாட்டான். சொல்லாம விட்டதத்தான் தேடுவான். சிங்க்ல ஏன் ரெண்டு கப் கெடக்கு, யாரு வந்தான்னு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் அதே கேள்விதான். அடி வேற. இப்பவும் டீ குடிச்சா ஒடனே கப்பக் கழுவித் தொடைச்சு உள்ள வெச்சாத்தான் எனக்கு மூச்சே வரும். யாருக்குப் பயந்து கழுவுறேன்னு எனக்கே தெரியல அண்ணே.

கோர்ட்டு ஆர்டர் இருக்கே, கிட்டயே வரக்கூடாதுன்னு. அதுக்கப்புறம்தான் மெல்போர்ன் பக்கத்துல ஜீலாங்ல ஒளிஞ்சிருந்தோம். ஐவியோட நீச்சல் கிளாஸ்காரங்க ஆப் வெச்சிருந்தாங்க. புள்ளை பேரு, எந்த வகுப்பு, அவ்ளோதான் காட்டும். பின்னால வீட்டு விலாசமே போயிட்டிருந்திருக்கு. ஒரு சாயங்காலம் கதவத் திறக்குறேன், சோபால உக்காந்திருக்கான். பின்கதவு வழியா வந்திருக்கான், அந்தப் பழைய பூட்ட மாத்தாம விட்டது நாந்தானே. முன்னால டீ போட்டு வெச்சிருந்தான். ரெண்டு கப்.

மறுநாளே கப்பலேறிட்டோம். இந்தத் தீவுன்ற வரைக்கும் எப்படியோ அவனுக்குத் தெரிஞ்சுருச்சு, ஊரு தெரியாது. ஆனா பூட்டு விஷயம் அவனுக்குத் தெரியுமே. வேற எதத் தேடுவான்? பூட்டுக் கடைங்களத்தான் தேடுவான்.

அதான் நேத்து உங்க கடைக்கு போன் பண்ணி, ஆப்ல வேணாம், நோட்டுல குறிச்சுக்குங்கம்மான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், சரின்னுட்டு ஆப்லயே பதிஞ்சு லிங்க்க அனுப்பி வெச்சா. காலைலதான் பாத்தேன். விடுவேனா, அவன்கிட்ட கத்துக்கிட்ட மாதிரி பின்னால திறந்தேன். மேப்ல எந்தப் பேட்டைக்கு வண்டி போகுதுன்னுதான் இருக்கு. பின்னால எல்லாரோட பேரும், தெருவும், கதவு நம்பரும். என்னோடதும். சொன்ன ஒடனே எடுத்துட்டாங்க, தப்பு சொல்லக் கூடாது. ராத்திரி பூரா இருந்துச்சே, அதுக்கு என்ன பண்றது?

ஐயோ, நீங்க ஏன் அண்ணே மன்னிப்புக் கேக்குறீங்க? நீங்களா எழுதினீங்க? அது சரி, முடிஞ்சுதா? தாப்பா நல்லா விழுதா? இன்னொரு தடவை திருப்புங்க. பின்கதவும் இருக்கே, மறந்துட்டீங்களா? மெதுவாப் பண்ணுங்க, அவசரமில்ல.

ஜன்னல் பக்கம் மட்டும் போகாதீங்க. வரும்போது எதிர்ல வெள்ளை வண்டி எதாச்சும் நின்னுச்சான்னு கேட்டேன்ல, இல்லன்னீங்க. இப்ப நிக்குது, ராஸோட வண்டிதான். நீங்க பைய எடுத்துக் கடிச்சப்பவே வந்துருச்சு. நடுவுல உள்ள போனப்பவே போலீசுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டிருக்காங்க. உங்க வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் அவன் எறங்க மாட்டான் அண்ணே. அதான் பேசிட்டே இருக்கேன்.

டீ இன்னொண்ணு போடட்டுமா?