வலது பக்கத்துப் படம்

உட்கார நாற்காலி தந்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தால் நல்லது. ஊரார் முகத்தைத் தொட்டுத் தொட்டு வந்த பழக்கம். எண்ணெய்ப் பிசுக்கு, சீழ்ப்பரு, பொசுங்கிய பூனைமுடி. எவ்வளவு கழுவினாலும் சோற்றில் அந்த வாடை வரும்.

ஆமாம், பெங்களூரில் ஒரு வாரம்தான் லேசர் சிகிச்சை படித்தேன். ‘டாக்டர் தாணுலிங்கம்’ என்று போட்டது பெயர்ப்பலகை எழுதியவன். அழிக்கச் சொன்னால் அவன் மனம் வருந்துமே என்று விட்டுவிட்டேன்.

குழித்துறையில் என் கிளினிக். கடற்கரைப் பெண்கள் நிச்சயம் முடிந்த கையோடு வருவார்கள். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்குள் முகம் மின்ன வேண்டும். லிஜாவை அவள் அம்மா செசிலி அப்படித்தான் கூட்டி வந்தாள். பலாச்சுளை போலக் கன்னம். படம் எடுத்துக்கொண்டேன்.

முடி நீக்கும் லேசர் தோலோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு தோலை இறுக்க ஒரு சூட்டுக் கருவி வைப்பேன். சூட்டைக் கூட்டி ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளே கொழுப்பு கரையும். முன்பு ஒருத்திக்குக் கை தவறியபோது கற்றது.

மாதங்கள் கழித்து லிஜா கேட்டாள்: “கன்னம் குழிஞ்சு போச்சே டாக்டரே, லேசர் போட்டதுனாலயா?”

“லேசர் கொழுப்பைத் தொடாது மக்கா.”

நான் பொய் சொல்வதில்லை சார்.

“ஏட்டி, நேரத்துக்குத் தின்னாத்தானே? டாக்டருக்க மேல பழி போடாத” என்றாள் செசிலி. அப்போதும் ஒரு படம் எடுத்தேன்.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றுதானே மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள்? இரண்டாம் ஓலைக்குப் பிறகு யாரோ போய், பெண்ணுக்கு ஏதோ சீக்கு என்றார்களாம். மாப்பிள்ளை ஜெப்சன் வீட்டார் விலகிவிட்டார்கள். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் நான் அந்தச் சபைக்காரன் இல்லையே.

கன்னம் நிரப்பும் ஊசிக்கு நம்மூரில் ஆளே வருவதில்லை. காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. புதுக்கடை சந்திப்பில் பிளெக்ஸ் வைத்தேன். இடது பக்கம் ‘சிகிச்சைக்கு முன்’: குழி விழுந்த லிஜா. வலது பக்கம் ‘சிகிச்சைக்குப் பின்’: முதல் நாள் வந்த லிஜா. ஊசியே போடவில்லை. இரண்டும் உண்மைப் படங்கள், வரிசைதான் மாறியிருக்கிறது. அந்த இடது படத்துக்காகத்தான் சூட்டைக் கூட்டி வைத்தேன்.

அவள் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு நேரே கிளினிக்குக்கு வந்தாள். “வலது பக்கம் இருக்கது நான் முதல்ல வந்தப்ப உள்ள மூஞ்சில்லா?”

“ஆமா மக்கா. நல்லா இருக்கில்லா?”

அவள் முகத்தை நான் அழித்தேன் என்று புகார் பதிந்திருக்கிறீர்கள். பத்தடி உயரத்தில், மழைக்கும் சாயம் போகாமல் அதைக் காப்பாற்றி வைத்திருப்பது நான்தானே, சார்.