கடையில் வாங்காத ரயில்

காலையில் நெமிலிச்சேரியில் ஏறிய லோக்கலில், என் எதிரே ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நகர்ந்ததும் அந்த அம்மா கேட்டார்.

“நீ செஞ்ச நம்ம ரயில ஏன்யா கடையில வாங்குனதுன்னு சொன்னே?”

அவர் கையிலிருந்த டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

“நேத்து நம்ம பொண்ண பாக்க வந்தவங்க முன்னாடி எனக்கு வாயே வர்ல. அட்டைய வெட்டி, ஒவ்வொரு ஜன்னலா ஒட்டி, எத்தினி மாசம் குந்திகினு செஞ்சே?”

“இந்த வயசுல பொம்மை ரயிலு செஞ்சிகினு கீறான்னு நெனைப்பாங்களேன்னு வெக்கமா பூடுச்சி.”

“பாடியில கீற கம்பெனிக்கு நம்ம ரெண்டு பேரும் வேலைக்குப் போன வண்டிய்யா அது. அதுலதான் எங்கிட்ட மொத மொத பேசுனே. அதுக்கா வெக்கப்பட்டே?”

அவர் தலை குனிந்தார். ஆவடி தாண்டியதும் போனை எடுத்தார். இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரைப் போட்டார்.

“சார், பொண்ணோட அப்பா பேசறேன். நேத்து ஊட்ல பாத்தீங்களே, அந்த ரயிலு கடையில வாங்கல. நான் செஞ்சது. பொய் சொல்லிட்டேன்.”

மாப்பிள்ளையின் அப்பா மெல்லச் சிரித்தார்.

“தெரியும் சார். அந்த ரயில்ல இருந்த அதே பச்சை பெயிண்ட் உங்க கட்டைவிரல்லயும் இருந்துச்சே. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் எந்தக் கடைன்னு ரெண்டு தடவை கேட்டேன்.”

கணவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அந்த அம்மா போனை வாங்கி, “ஞாயித்துக்கெழம சாப்புட வாங்கண்ணா, எப்பிடி செஞ்சாருன்னு அவரே காட்டுவாரு” என்றார்.

அம்பத்தூர் வரும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.