இடப்பள்ளியிலிருந்து வந்த சீட்டு

ஐயா,

கையெழுத்துக்காகப் பள்ளியில் எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். அதனால் விசாரணைக்கு நீங்கள் கேட்ட விளக்கத்தை டைப் செய்யாமல் கையாலேயே எழுதித் தருகிறேன்.

என் பெயர் பொன்மணி. மட்டாஞ்சேரியில் நம் ஆஸ்பத்திரியின் கோடிங் அறையில் எனக்குப் பதினோரு வருடம். டாக்டர் எழுதிய சீட்டைப் படித்து, எந்தக் கை, எந்த எலும்பு, எங்கே விழுந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போடுவது வேலை. வெளிநோயாளி சீட்டில் 'முறிவு என்று சந்தேகம்' என்றிருந்தால் முறிவுக்கான எண் போடக் கூடாது; 'மணிக்கட்டு வலி' என்றுதான் போட வேண்டும். அது விதி.

ஆனால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சிறு எலும்பு உண்டு. அது முறிந்தாலும் முதல் எக்ஸ்ரே படத்தில் தெரியாமல் போகும். கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் இல்லாமல் அந்த எலும்பு செத்துவிடும். அந்தச் சந்தேகம் வந்தால், எண்ணை விதிப்படி போட்டுவிட்டு, பெயரைத் தனி நோட்டில் எழுதி நர்சிடம் கொடுப்போம். இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்க நோயாளியை அவர் கூப்பிடுவார். அந்த வழக்கம் நான் தொடங்கியது.

ஜூலையில் இடப்பள்ளிக் கிளையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ரதீஷ், வயது முப்பத்தொன்பது, பொரோட்டா மாஸ்டர், வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே முறிவு என்று சந்தேகம். என் கணவர். கடையில் வழுக்கி விழுந்ததாகவும், பக்கத்தில் ஏதோ கிளினிக்கில் மாவுக்கட்டு போட்டதாகவும் முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தார். சீட்டில், சுள்ளிக்கல்லில் சொந்த வீட்டுக் குளியலறையில் விழுந்ததாக இருந்தது. உடன் வந்தவர்: மனைவி, சுமா. சுள்ளிக்கல்லில் எங்களுக்கு வீடு கிடையாது. எல்லாக் கிளைச் சீட்டும் எங்கள் அறைக்குத்தான் வரும் என்று ரதீஷுக்குத் தெரியாது.

விதிப்படி 'மணிக்கட்டு வலி' என்று எண் போட்டேன். விழுந்த இடத்துக்கும் ஓர் எண் உண்டு. சொந்த வீடு, குளியலறை. பிழையில்லாமல் போட்டேன். நோட்டில் மட்டும் பெயர் எழுதவில்லை. விசாரணையில் நீங்கள் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவர் சொன்னார்: "மணி, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி படம் எடுக்கணும்னு டாக்டர் பறஞ்சாரு. கடையில நைனா முகம்மது இக்கா, ஒத்தக் கையில அடிச்சா அது பொரோட்டா இல்லடா, ஆறிப்போன தோசைன்னு களியாக்கிச் சிரிக்கிறாரு."

"உங்க சீட்டு என் கையிலதான் வந்துது," என்றேன். "முறிவே இல்ல. வெறும் வலிதான்."

என் முகத்தையே பார்த்தார். வேறென்ன படித்தாய் என்று கேட்க முடியாதல்லவா? கையை நீட்டினார். சமையலறைக் கத்தரிக்கோலால் மாவுக்கட்டை நானே வெட்டி எடுத்தேன். மறுநாள் வேலைக்குப் போனார்.

வலி கூடும்போதெல்லாம் என்னிடம்தான் கேட்டார். தைலம் தேய்த்துவிட்டேன், அழுத்தித்தான் தேய்த்தேன். அந்த நான்கு மாதத்தில் ஒருநாளாவது சுமா என்று அவர் வாயால் சொல்லியிருந்தால், அன்றைக்கே நோட்டில் எழுதியிருப்பேன். தினமும் காத்திருந்தேன்.

நவம்பரில் வேறோர் ஆஸ்பத்திரியில், எலும்பு செத்துவிட்டது என்றார்கள். இப்போது அவரால் சோறு பிசைய முடிவதில்லை. நான்தான் ஊட்டுகிறேன். சுள்ளிக்கல்லிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை.

அது முறிவுதான் என்று சீட்டைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். என்ன தண்டனை என்றாலும் சரி. ஆனால் அவரை நான் ஏமாற்றியதாக மட்டும் எழுதாதீர்கள். சீட்டுக்கு நான் போட்ட எண்ணைத்தான் அவரிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் பொய் சொன்னவர் அவர் ஒருவர்தான்.